ஆரோக்கியம் சார் விரலும் இருபது எம்.எம். நட்டும்

1. மாடி வகுப்பில் முதல் நாள்

இருபத்தாறு வருஷம் ஒர்க்‌ஷாப் தரையிலேயே நின்றவனுக்கு மாடிப்படி ஏறுவதே புதுசாக இருந்தது. பதினொன்று 'ஏ' வகுப்புக்குள் நான் நுழைந்ததும் அறுபது பையன்கள் எழுந்து நின்று, ஒரே குரலில் "குட் மார்னிங் சார்" என்றார்கள். கீழே என் பையன்கள் அப்படியெல்லாம் சொல்வதில்லை. லேத் ஓடிக்கொண்டிருக்கும், சொன்னாலும் காதில் விழாது. அந்தப் பழக்கத்தில் நானும் லேத்துக்கு மேல் கேட்கிற குரலில், "உக்காருங்கலே!" என்றேன். பக்கத்து வகுப்பிலும் எல்லாரும் உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

முன்பெஞ்சில் நவீன் என்று ஒரு பையன். தேவாரத்துக்காரன், அப்பாவுக்கு மலையில் ஏலத்தோட்டம். வகுப்பிலேயே முதல் மார்க்கு.

"சார், டார்க் பாடம் பாதியில நிக்குது" என்றான்.

பாதியில் நின்ற போல்ட்டைக் கழற்றத்தான் எனக்குத் தெரியும். போர்டைப் பார்த்தேன். அவர்களுடைய ஃபிசிக்ஸ் வாத்தியார் ஆரோக்கியம் சாரின் மணிமணியான கையெழுத்தில் ஒரு ஃபார்முலா இருந்தது. அதன் முதல் எழுத்து எந்த மொழி என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

"இன்னிக்கு அவங்கவங்க அமைதியாப் படிங்க" என்றேன்.

நாற்பது நிமிஷம் படித்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒர்க்‌ஷாப்பின் தகரக்கூரையில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் மேலேயிருந்து எண்ணினேன். பதினொன்று.

2. இந்த மாற்றம் எப்படி வந்தது

எங்களுடையது ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்துவது, அரசு உதவி பெறுவது. முன்பக்கம் மூணு மாடிக் கட்டிடம். அங்கே சயின்ஸ் குரூப். நீட், ஜேஇஇ, காலேஜ் என்று போகிறவர்கள். பின்பக்கம் தகரக்கூரை. அங்கே ஜெனரல் மெஷினிஸ்ட் என்கிற தொழிற்கல்வி குரூப். மூணு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் பன்னிரண்டு, நான். கூடலூர் வரைக்கும் இருக்கிற பட்டறைகளில் பாதிக்கு மேல் எங்கள் பையன்கள்தான் நிற்கிறார்கள்.

ஆரோக்கியம் சார் முன்கட்டிடத்து ஃபிசிக்ஸ். நானும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனாலும் அவர் எம்.எஸ்சி., நான் பத்தாவது முடித்து ஐடிஐ போனவன். டீ குடிக்கும்போதுகூட அவர் டம்ளர் ஒரு மேஜையில் இருக்கும், என் டம்ளர் வேறு மேஜையில் இருக்கும்.

ஒருநாள் அவர் மாடல் டெஸ்ட் வைத்த நேரத்தில் என் பையன்கள் இரும்புச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்தார்.

"ஃபாதர், இவரு மெஷின் சத்தத்துல என் பையன் ஓஎம்ஆர் ஷீட்ல ஒரு வரி தள்ளிக் கருப்படிச்சுட்டான். நாப்பத்தஞ்சு கேள்வியும் தப்பு. பத்தாப்பு படிப்புக்கு இம்புட்டுச் சத்தம் வேணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பையனுக்கு சைக்கிள் செயின் மாட்டத் தெரியுமான்னு கேளுங்க ஃபாதர். போன வாரம் செயினைக் கையில தூக்கிட்டு எங்கிட்டத்தான் வந்தான்."

"செயின் மாட்டினா எம்பிபிஎஸ் கெடைச்சிருமா?"

"எம்பிபிஎஸ் வாங்கினா செயின் கழலாதா?"

எங்கள் தலைமையாசிரியர் ஃபாதர் கடற்கரைப் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு ரெண்டு பீரியட், செவ்வாயும் வியாழனும். நீங்க மேல போங்க, அவரு கீழ வரட்டும். இந்த டெர்ம் முழுக்க" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கடைசியில் எழுந்து போகும்போது மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, "டைம்டேபிள்ல எழுத வேண்டாம்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மெஷினிஸ்ட் குரூப்பில் பையன்கள் குறைந்துகொண்டே வருவதால், அடுத்த வருஷம் அது தேவையா என்று பார்த்து எழுத மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார். என்றைக்கு என்று தெரியாது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குரூப்பை மூடினால் லேத்துகளை எடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் கோச்சிங் ஹால் கட்டுவார்கள்.

3. பஸ்ஸில் டியூஷன்

முதல் நாள் அவமானம் போதும் என்று என் மகளுக்கு போன் போட்டேன். மதுரையில் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் கடைசி வருஷம். காலையில் நான் கோம்பையிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் நேரமும் அவள் ஹாஸ்டலில் தலை பின்னுகிற நேரமும் ஒன்று.

"ஆத்தா, டார்க்னா என்னாத்தா?"

"அப்பா, கதவை கீல் பக்கத்துல தள்ளுனா தெறக்குமா?"

"தெறக்காது."

"கைப்பிடி பக்கத்துல?"

"லேசாத் தெறக்கும்."

"அம்புட்டுத்தான். கீல்ல இருந்து எம்புட்டு தூரத்துல தள்ளுறீக, எம்புட்டு பலமாத் தள்ளுறீக, ரெண்டையும் பெருக்கினா டார்க், தமிழ்ல திருப்புவிசை."

"இதுக்கா இம்புட்டு பெரிய பேரு? ஸ்பானர்ல பைப் மாட்டித் திருகுறதுதான இது. நான் தெனமும் செய்றேனே."

"செய்றீக. சொல்லத் தெரியல."

பஸ் சத்தத்தில் நான் கொஞ்சம் உரக்கவே பேசியிருக்கிறேன் போல. கண்டக்டர் பக்கத்தில் வந்து, "அண்ணே, கதவப் பத்தி எதுவும் எழுதிப் போட்டுறாதீக. அடுத்த வாரம் மாட்டிருவாக" என்றார். அந்த பஸ்ஸில் பின்கதவு இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

4. நவீன் கேட்ட கேள்வி

அடுத்த வகுப்புக்கு அறுபது பேரையும் கீழே இறக்கி, பள்ளிக்கூட வேன் பக்கத்தில் நிறுத்தினேன். டிரைவரிடம் கேட்டுக்கொண்டு முன்சக்கரத்துக்கு ஜாக்கி வைக்காமல் வீல் நட்டை மட்டும் கழற்றச் சொன்னேன். முதலில் ஒரு சாண் நீள ஸ்பானர். முதல் மார்க்கு நவீன் வந்தான். ஸ்பானரை இறுக்குகிற பக்கம் திருப்பி, முகம் சிவக்கிற வரைக்கும் அழுத்தினான்.

"நீ கழட்டலப்பா. டிரைவருக்கு இறுக்கிக் குடுக்கிற" என்றேன்.

திசை மாற்றினான். அப்போதும் அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்தார்கள். நான் ஸ்பானர் வாலில் மூணடி பைப்பை மாட்டி, கூட்டத்திலேயே ஒல்லியான பையனைக் கூப்பிட்டு, நுனியைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். 'டக்'கென்று விட்டது. பையன்கள் கைதட்டினார்கள். ஒவ்வொருவனாக வரிசையில் வந்து கழற்றி மாட்டினார்கள். நான் என் மகள் சொன்னதை, அவள் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம்.

மணி அடிக்கப் போகிற நேரம். நவீன் கையைத் தூக்கினான்.

"சார், டார்க்குக்கும் நியூட்டன் மீட்டர்தான் யூனிட். வேலைக்கும் நியூட்டன் மீட்டர்தான். அப்ப ரெண்டும் ஒண்ணா?"

எனக்கு வேர்த்தது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அறுபது பேர் பார்க்கிறார்கள். பத்தாப்பு என்று மீட்டிங்கில் சொன்னது காதில் ஓடுகிறது.

"நல்ல கேள்வி. வியாழக்கிழமை விரிவாப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மகளுக்கு அந்த வாரம் பரீட்சை. போனை ஹாஸ்டலில் வாங்கி வைத்துவிட்டார்கள். ஆரோக்கியம் சாரிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. கேட்பேனா? புதன்கிழமை அவர் டம்ளர் இருந்த மேஜை வரைக்கும் போனேன். போய், சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவர் நிலைமையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. லேத்தை எந்தப் பக்கம் ஆன் செய்வது என்று தெரியாமல், இரண்டு வகுப்பு முழுக்க ஒர்க்‌ஷாப் பையன்களுக்கு லேத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

5. வியாழக்கிழமை

நான் மாடியில், நவீன் கண்ணைப் பார்க்காமல் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்துக் கூப்பிட்டேன். முப்பதாவது பெயரில் இருக்கும்போது என் ஒர்க்‌ஷாப் பையன் சுருளி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

"சார், ஆரோக்கியம் சார் மாட்டிக்கிட்டாக!"

லேத்தில் கை போய்விட்டது என்று நினைத்துப் பதிவேட்டை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஓடினேன். படியில் ஓடும்போதே கேட்டேன், "ஏலே, எதுல?"

"நட்டுல சார்."

ஒர்க்‌ஷாப்பில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலதுகைச் சுட்டுவிரலில், நடுக்கணுவுக்குப் பின்னால், ஓர் இருபது எம்.எம். நட்டு. விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"எப்படி சார்?"

சுருளிதான் சொன்னான். "நட்டுல மரை தேஞ்சிருக்கான்னு எப்படிப் பாப்பீகன்னு சார் கேட்டாக. விரலை விட்டுத் தடவிப் பாப்போம்னு சொன்னேன். சார் உடனே விட்டுட்டாக."

"எந்த விரல்னு சொன்னியாலே?"

"அதுக்குள்ள விட்டுட்டாக சார்."

நாங்கள் சுண்டுவிரல் நுனியைத்தான் விடுவோம். அவர் படித்தவர், முழுசாக விட்டுவிட்டார்.

சோப்பு போட்டிருக்கிறார்கள். பள்ளி ஹாஸ்டல் சமையற்கட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். இழுக்க இழுக்க விரல்தான் வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "அங்க போனா நட்டை அறுக்கத் தீயணைப்பு ஆபீசுக்குப் போகச் சொல்லுவாக. அங்கன எவனாவது படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவான். என் பையன்க அத்தனை பேரும் பாப்பான்க" என்றார். அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. அப்போது ஆஃபீஸ் அட்டெண்டர் ஓடிவந்தார்.

"அதிகாரி மேடம் வந்துட்டாக. ஃபாதர் ரூம்ல டீ குடிக்கிறாக. முதல்ல ஒர்க்‌ஷாப்தான் பாக்கணுமாம்."

குரூப் வேண்டுமா என்று பார்க்க வருகிறவருக்கு முன்னால், ஃபிசிக்ஸ் வாத்தியார் நட்டில் மாட்டி உட்கார்ந்திருக்கிறார். மெஷினிஸ்ட் வாத்தியார் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்கிறார். இதைவிட வசதியாக ஒரு குரூப்பை மூட முடியாது.

ஆனால் விரலைப் பார்த்ததும் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. நட்டின் இரண்டு பக்கத்தை வைஸ் வாயில் பட்டும் படாமலும் பிடித்தேன். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜிலிருந்து மெல்லிய தகடு ஒன்றைக் கழற்றி, விரலுக்கும் நட்டுக்கும் நடுவே மெல்ல நுழைத்தேன். ஹேக்ஸா ரம்பம் வைத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் கடைசி இழுப்பில் சறுக்கும். அரத்தை எடுத்தேன். ஒரு பையன் சூடு ஏறாமலிருக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். ராவ ஆரம்பித்தேன்.

அரம் இரும்பில் ஏறும் ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. குலுங்கினால் தோல் போகும். அவர் கவனத்தை வேறெங்காவது திருப்ப வேண்டும். உள்ளதைச் சொன்னால், எனக்கும் ஒரு தேவை இருந்தது.

"சார், அசையாம இருங்க. ஒரு சந்தேகம் கேக்கணும்."

"இப்பவா?"

"டார்க்குக்கும் வேலைக்கும் ஒரே யூனிட்டாமே. அப்ப ரெண்டும் ஒண்ணா?"

அவர் என்னை முறைத்தார். பிறகு அந்த முகத்தில் என்னவோ மாறியது. இருபத்தாறு வருஷம் பாடம் நடத்திய வாய், கேள்வி விழுந்ததும் தானாகத் திறந்துவிட்டது.

"ஒண்ணு இல்ல. நீங்க ஸ்பானர்ல தொங்குறீங்க. நட்டு துருப்பிடிச்சு அசையவே இல்ல. டார்க் இருக்கா?"

"இருக்கு. கை வலிக்குதே."

"வேலை நடந்துச்சா?"

"நட்டு அசையலியே."

"அதான். அசைஞ்சாத்தான் வேலை. அசையாட்டியும் டார்க் உண்டு. யூனிட்டு ஒண்ணா இருக்கலாம், சங்கதி வேற." இடது கையால் காற்றில் படம் போட ஆரம்பித்தார். "வேலைன்னா, தள்ளுற திசையும் நகர்ற திசையும்…"

நான் ராவிக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் முடிந்து, நட்டைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் ஆரம்பித்தேன். அவர் விடாமல் நடத்தினார். என் பையன்கள் சுற்றி நின்று வாயைப் பிளந்து கேட்டார்கள். ஜன்னல் பக்கம் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பதினொன்று 'ஏ' மொத்தமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வாத்தியார் பாதி வகுப்பில் ஓடினால் பையன்கள் பின்னால் வராமல் என்ன செய்வார்கள்?

அப்போது வாசலில் ஃபாதரும், அவர் பக்கத்தில் அதிகாரி மேடமும்.

மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள், வைஸைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"இங்க யாரு மெஷினிஸ்ட் இன்ஸ்ட்ரக்டர்?"

நான் அரம் பிடித்த கையைத் தூக்கினேன்.

"அப்ப இவர்?"

"ஃபிசிக்ஸ் சார் மேடம்."

"ஃபிசிக்ஸ் சாரை ஏன் வைஸ்ல வச்சு ராவுறீங்க?"

ஃபாதர் ஒருமுறை இருமினார். ஏதாவது சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே உண்மையைச் சொல்லிவிட்டார், சண்டையிலிருந்து டைம்டேபிளில் எழுதாதது வரைக்கும். "தப்பு என்னோடது" என்றார். ஆரோக்கியம் சார் ஸ்டூலிலிருந்தே, "இல்ல மேடம், விரலை விட்டது நான்" என்றார்.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "முதல்ல அதை எடுங்க. அப்புறம் பேசலாம்."

அந்தக் கடைசி ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நான் ராவிய சுத்தமான ராவல். தகடு பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்தினேன். வெட்டில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து ஒரு திருகு. நட்டு இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. தோலில் கீறல் ஒன்றுதான். ஆரோக்கியம் சார் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பும் ஜன்னலும் சேர்ந்து கைதட்டின.

மேடம் கைதட்டவில்லை. சுருளியைக் கூப்பிட்டு, "இங்க இப்ப என்ன படிச்ச, சொல்லு" என்றார்கள்.

சுருளி வகுப்பில் எழுந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. நேராக நின்றான். "நட்டு அசையாம இருந்தா டார்க் இருக்கும், வேலை இருக்காது மேடம். இப்ப ஸ்க்ரூடிரைவர் திருகி நட்டு வெலகுச்சுல்ல, இப்ப வேலையும் நடந்துருச்சு."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். "நீங்க என்ன படிச்சீங்க?"

நவீன் சொன்னான்: "இருபது எம்.எம். நட்டுக்கு உள்விட்டம் பதினேழு சொச்சம்தான் மேடம். சார் விரல் அதைவிடப் பெருசு. எப்படி உள்ள போச்சுன்னுதான் எங்களுக்குத் தெரியல."

மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்புத்தான் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

போகும் முன் பார்வைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். ஃபாதர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: 'பாடமும் செய்முறையும் இணைந்து நடைபெறுவதைக் கண்டேன். மெஷினிஸ்ட் பிரிவு தொடரலாம். இந்த வகுப்புகளை முறைப்படி கால அட்டவணையில் சேர்க்கவும். முதலுதவிப் பெட்டி உடனே வாங்கவும்.'

6. அடுத்த செவ்வாய்

அடுத்த செவ்வாய் மாடிக்குப் போனேன். டார்க்கும் வேலையும் ஏன் ஒன்றில்லை என்று சொன்னேன். அழகாகச் சொன்னேன் என்றே நினைக்கிறேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்ற நேரத்தில் நவீன் மறுபடியும் கையைத் தூக்கினான்.

"சார், பூமி சுத்துறதுக்கு யாரு டார்க் குடுக்கிறா?"

முன்பு வந்த அதே வேர்வை வந்தது. வியாழக்கிழமை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியாதுப்பா" என்றேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. நவீன் நோட்டில் கேள்வியை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். இதற்கா இருபத்தாறு வருஷம் பயந்தேன்?

ஜன்னலுக்குப் போய், லேத்துக்கு மேல் கேட்கிற என் குரலில் கீழே கத்தினேன்: "ஆரோக்கியம் சார்! பூமிக்கு யாரு டார்க் குடுக்கிறது?"

லேத் நின்றது. விரலில் கட்டோடு வாசலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "யாரும் குடுக்கல! அது எப்பவோ சுத்த ஆரம்பிச்சது! நிப்பாட்ட ஆளில்ல, அதான் சுத்துது!" பிறகு அவரே குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அது கெடக்கட்டும், இந்த லேத் சக்குல மாட்டுன இரும்பை எப்படி சென்டர் பண்றது? கொஞ்சம் இறங்கி வாங்களேன்" என்றார்.

வகுப்பையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனேன்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் வாத்தியார்கள் எதையாவது சொல்லுங்கள் என்று கேட்பதுண்டு. எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பையன்கள் முன்னால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தாறு வருஷம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரம் போதும்.